வெறும் வயிற்றில் இலைச்சாறு, வெள்ளிக்கிழமை விரதம்: படுவான்கரையிலிருந்து ஒரு நீரிழிவு நிகழ்வு ஆய்வு

வெள்ளிக்கிழமை, காலை பத்தே முக்கால். கோயில் மடப்பள்ளியில் தேங்காய் துருவிக்கொண்டிருந்த 58 வயதுப் பெண்ணுக்குக் கை நடுங்கத் தொடங்கியது. நெற்றியிலும் கழுத்திலும் வியர்வை வழிந்தது. பக்கத்தில் இருந்தவர் கேட்ட கேள்விக்குச் சம்பந்தமில்லாத பதில் வந்தது. விரதமும் வெயிலும்தான் காரணம் என்று நினைத்து அவரை நிழலில் இருத்தி, ஈரத்துணியால் முகத்தைத் துடைத்தார்கள். இருபது நிமிடம் அப்படியே போனது. மகள் வந்து பார்த்து, அயல்வீட்டிலிருந்து குளுக்கோமீட்டரை வாங்கி விரலில் குத்தியபோது வாசிப்பு 46 மி.கி./டெ.லீ. 70க்குக் கீழே போனாலே அது சீனிக்குறைவு.

இது தனியொருவரின் கதையல்ல. மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே உள்ள படுவான்கரை ஊர்களிலும் அம்பாறைக் கரையோரத்திலும் நீரிழிவுள்ள வீடுகளில் அடிக்கடி ஒன்றுசேரும் பழக்கங்களை ஒரே ஆளில் வைத்துக் கற்றலுக்காக அமைத்த மாதிரி நிகழ்வு. அவருடைய வாசிப்புகளும் அதற்காகவே வைக்கப்பட்டவை. மருந்துகளின் தன்மை, இலைகளைப் பற்றிய ஆய்வுகள், அளவுகள் ஆகியவை உள்ளபடி தரப்பட்டுள்ளன.

முன்கதை

ஒன்பது வருடமாகச் சீனி வருத்தம். கிளினிக் கொப்பியில் இருந்தவை: மெற்போமின் 500 மி.கி. குளிசை காலையிலும் இரவிலும் இரண்டிரண்டு, கிளிக்லசைட் 80 மி.கி. காலையிலும் இரவிலும் சாப்பாட்டுக்கு அரை மணித்தியாலத்துக்கு முன் ஒவ்வொன்று, இரத்த அழுத்தத்துக்கு லொசார்ட்டன். சீரம் கிரியேட்டினின் 1.1. இந்த வயதில் ஒரு பெண்ணுக்கு இது சிறுநீரக வடிகட்டல் வேகம் ஏறத்தாழ 58 என்பதைக் காட்டும். அதாவது சிறுநீரகம் கொஞ்சம் களைத்திருக்கிறது. கடைசி எச்பிஏ1சி 8.6 சதவீதம். கடந்த இரண்டு மூன்று மாதத்தின் சராசரிச் சீனி 200 மி.கி. அளவில் நின்றிருக்கிறது என்று அதற்கு அர்த்தம்.

"இப்படியே போனால் இன்சுலின் ஊசிதான்" என்று கிளினிக்கில் சொன்னது அவருடைய மனதில் ஆழமாகத் தைத்துவிட்டது. அடுத்த நாளே உறவுக்காரி ஒருவர் வழி காட்டினார்: "ரெண்டு கிழமை இந்தச் சாறக் குடிங்க மச்சாள், ஊசி தேவைப்படாது."

கொவ்வை இலை இரண்டு கைப்பிடி, சிறுகுறிஞ்சா ஒரு கைப்பிடி, பாகல் இலை அரைக் கைப்பிடி. மூன்றையும் அம்மியில் அரைத்து, துணியில் பிழிந்து, அரைக் கோப்பைச் சாற்றை விடியற்காலை வெறும் வயிற்றில் குடித்தார். பிறகு அதே அளவை எடுத்து நிறுத்துப் பார்த்தபோது பச்சை இலை 90 கிராம் வந்தது. கூடவே இரவில் ஊறவைத்த வெந்தயத் தண்ணீர். வெந்தயத்தை வடித்து எறிந்துவிட்டார். இராச்சோற்றையும் நிறுத்தி, இரண்டு கிறீம் கிறேக்கரோடு படுத்தார். குளிசைகளை மட்டும் ஒன்றும் குறையாமல் எடுத்தார்.

பன்னிரண்டாம் நாள் வெள்ளிக்கிழமை. ஆறு மணிக்குச் சாறு, ஆறரைக்குக் கிளிக்லசைட்டும் மெற்போமினும். மதியப் பூசை முடியும்வரை விரதம்.

அந்த நாளில் செய்ததும் செய்யத் தவறியதும்

வாசிப்பைப் பார்த்தவுடன் மகள் அரைக் கிளாஸ் தண்ணீரில் நான்கு மட்டக் கரண்டி சீனி கரைத்துக் கொடுத்தார். சரியான செயல். ஒரு தேக்கரண்டி மட்டமாக 4 கிராம், ஆகவே 16 கிராம் சீனி. விதி 15 முதல் 20 கிராம். பதினைந்து நிமிடம் கழித்து 63. மறுபடி நான்கு கரண்டி. அடுத்த வாசிப்பு 92. அதன்பின் ஒரு வாழைப்பழமும் இரண்டு துண்டுப் பாணும் கொடுத்து, "சரியாயிற்று" என்று வீட்டுக்குக் கூட்டிப்போனார்கள்.

ஒன்றரை மணிக்கு மீண்டும் வியர்வை. வாசிப்பு 61. கிளிக்லசைட் போன்ற சல்பொனைல்யூரியாக் குளிசையால் சீனி இறங்கினால் ஒரு தடவை ஏற்றிவிட்டு ஓய முடியாது. சாதாரண கிளிக்லசைட் குடித்து நான்கு முதல் ஆறு மணித்தியாலத்தில் இரத்தத்தில் உச்சத்தைத் தொடுகிறது. அதன் அரைவாழ்வு பத்துப் பன்னிரண்டு மணித்தியாலம். பத்தே முக்காலுக்கு ஏற்றிய சீனி கரைந்தபின்னும் குளிசை உள்ளே இருந்து கணையத்தை இன்சுலின் சுரக்கச் சொல்லிக்கொண்டே இருக்கும். இதனால்தான் இவ்வகைச் சீனிக்குறைவில் முதல் தடவை தேறினாலும் மணிக்கணக்கில் ஆளை அவதானத்தில் வைக்கச் சொல்கிறோம். பழைய கிளிபென்கிளமைட் என்றால் இது இன்னும் நீளும், சிறுநீரகம் களைத்தவரில் அதைவிடவும் நீளும்.

இரண்டாம் முறை 1990 சுவசெரிய அம்புலன்ஸ் சேவைக்கு அழைத்தார்கள். ஆஸ்பத்திரியில் டெக்ஸ்ட்ரோஸ் (குளுக்கோஸ்) ஏற்றி, மறுநாள் காலைவரை மணிக்கொரு தடவை விரலில் குத்திப் பார்த்துவிட்டு விட்டார்கள்.

தவறியவை இரண்டு. முதல் இருபது நிமிடம் வெயிலென்று போனது. நீரிழிவுக் குளிசை எடுப்பவர் வியர்த்து நடுங்கிக் குழம்பினால், மீட்டர் கையில் இல்லாவிட்டாலும் முதலில் சீனித்தண்ணீர்தான். வெயில் மயக்கமாக இருந்தால் அந்தச் சீனியால் பெரிய தீங்கில்லை. சீனிக்குறைவாக இருந்தால் அது உயிரைக் காக்கும். சுயநினைவு இல்லாவிட்டால் வாயில் ஒன்றும் ஊற்றக்கூடாது. ஆளை ஒருபக்கமாகச் சரித்துப் படுக்கவைத்து அம்புலன்ஸை அழைக்க வேண்டும். இரண்டாவது தவறு, வாழைப்பழமும் இரண்டு துண்டுப் பாணும் கொடுத்து விரதத்தைத் தொடரவிட்டது. அந்த நேரத்தில் முழுச் சாப்பாடு தேவைப்பட்டது.

சொக்கலேட் கொடுப்பவர்களும் இருக்கிறார்கள். அதிலுள்ள கொழுப்பு சீனி ஏறுவதைத் தாமதமாக்கும். சீனியும் தண்ணீரும் போதும்.

எது இறக்கியது?

வீட்டில் இரண்டு கட்சி. மகளுக்கு "சாறுதான் காரணம்". உறவுக்காரிக்கோ "பாருங்க, எவ்வளவு நல்லா வேலைசெய்யுது!" இரண்டும் ஆதாரத்தைத் தாண்டிய பேச்சு.

காலை உணவில்லாமல் 80 மி.கி. கிளிக்லசைட் ஒன்றே இந்த நிகழ்வை உண்டாக்கப் போதும். அதற்குச் சாறு தேவையே இல்லை. அதற்கு முந்திய இரவு மாவுச்சத்தும் மிகக் குறைவு. அதன்மேல் 90 கிராம் இலையின் சாறு ஏறியது. அது எவ்வளவு சேர்த்தது என்று ஒரே நிகழ்வில் பிரித்துச் சொல்ல வழியில்லை. பன்னிரண்டு நாளில் நான்கு விடயம் ஒருமிக்க மாறியிருக்கின்றன: சாறு, வெந்தயத் தண்ணீர், இராச்சோறு, விரதம். ஒன்றை மட்டும் மாற்றியிருந்தால் அதன் பயனும் தெரிந்திருக்கும், கேடும் தெரிந்திருக்கும். இலை மருந்து விடயத்தில் நாம் திரும்பத் திரும்பக் காணும் சிக்கல் இதுதான். குளிசை, சாப்பாடு, நடை, இலை எல்லாம் ஒன்றாக மாறும். ஏறினால் குளிசையைக் குறை சொல்வோம், இறங்கினால் இலையைப் புகழ்வோம்.

கிளினிக்கில் இந்தச் சாறு பற்றி யாருக்கும் தெரியாது. "நாட்டு மருந்து ஏதும் எடுக்கிறீங்களா?" என்று கேட்டிருந்தார்கள், "இல்ல" என்று சொல்லியிருந்தார். பொய்யில்லை. கொவ்வை அவருக்கு இலைக்கறி. வேலியில் படர்ந்து கிடப்பது. அவர் மனதில் மருந்து என்பது வைத்தியரிடம் வாங்குவது. கேள்வியை மாற்ற வேண்டும்: "காலையில எழும்பினதும் முதல்ல என்ன குடிப்பீங்க?" இந்தக் கேள்விக்குத்தான் சாறும் வெந்தயமும் கறுவாத்தண்ணீரும் வெளியே வரும். வந்தபின் திட்டக்கூடாது. திட்டினால் அடுத்த முறை அது வராது.

இலைகளைப் பற்றி உறுதியாகச் சொல்லக்கூடியவை

கொவ்வையை முதலில் எடுப்போம், இந்த நிகழ்வின் நடுவில் அதுதான் நிற்கிறது. 2011இல் வெளியான இலங்கை ஆய்வொன்றில் நீரிழிவில்லாத தன்னார்வலர்களுக்கு 20 கிராம் கொவ்வை இலையைத் தேங்காய்ப்பூவும் உப்பும் சேர்த்துக் காலை உணவாகக் கொடுத்தார்கள். பிறகு குளுக்கோஸ் குடிக்கவைத்துப் பார்த்தபோது சீனி குறைவாகவே ஏறியது. பெங்களூரில் 2008இல் வெளியான மற்றொன்றில், உணவுக் கட்டுப்பாடு மட்டும் போதுமான நிலையில் இருந்த 60 நீரிழிவாளரில் ஒரு பகுதியினருக்கு நாளொன்றுக்கு 1 கிராம் கொவ்வைச் சத்தை 90 நாள் கொடுத்தார்கள். அவர்களின் வெறும் வயிற்றுச் சீனி ஏறத்தாழ 16 சதவீதமும், சாப்பாட்டின் பின்னான சீனி 18 சதவீதமும் குறைந்தன. ஆகவே கொவ்வையில் ஏதோ இருக்கிறது என்று நம்ப நியாயம் உண்டு. ஆனால் கவனியுங்கள்: அந்த ஆய்வுகளில் யாரும் கிளிக்லசைட்டோடு விரதம் இருக்கவில்லை. இலங்கை ஆய்வில் கொடுத்தது 20 கிராம் இலை, அதுவும் நார் முழுவதோடு. இங்கே மூன்று இலையும் சேர்த்து 90 கிராம், நாரைப் பிழிந்து எறிந்தபின். ஆய்வைக் காட்டி இந்தச் சாற்றுக்கு நியாயம் சொல்ல முடியாது.

சிறுகுறிஞ்சா வேறு வகை. ஒரு இலையை நன்றாக மென்று துப்பிவிட்டு நாக்கில் சீனி வையுங்கள். மணலை வைத்தது போல இருக்கும். இலையிலுள்ள ஜிம்னிமிக் அமிலங்கள் நாக்கின் இனிப்பு ஏற்பியில் போய் ஒட்டிக்கொள்வதால் அப்படி. கொஞ்ச நேரத்தில் இனிப்பு திரும்பி வரும். பிளேன்டீக்குச் சீனி கடிக்கும் பழக்கத்தை விட முயல்பவருக்கு இது உண்மையான உதவி. ஆனால் இதில் ஒரு பொறியும் உண்டு. இலையை மென்ற கொஞ்ச நேரத்தில் ஒருவருக்குச் சீனி இறங்கி, சீனித்தண்ணீர் கொடுத்தால், "சீனி போடல்லியே, வெறுந்தண்ணிதானே" என்று தள்ளிவிடுவார். நாக்குக்குத் தெரியாவிட்டாலும் சீனி இரத்தத்தில் ஏறும். குடிக்கவைக்க வேண்டும். சிறுகுறிஞ்சாவை மருந்தாக எடுத்த நீரிழிவாளர் ஒருவருக்கு ஈரல் அழற்சி ஏற்பட்டதாக மருத்துவப் பதிவும் உண்டு. இலைக்கறியாக உண்ணும் குறிஞ்சாவும் சாறெடுக்கும் சிறுகுறிஞ்சாவும் ஒரே குடும்பத்து இரு கொடிகள். ஊருக்கு ஊர் பெயர் மாறும். கொடியை அடையாளம் தெரிந்தவரிடம் காட்டாமல் சமைக்க வேண்டாம்.

வெந்தயத்துக்குத்தான் இவற்றுள் நல்ல ஆதாரம், பயன்படுத்தும் முறையிலோ அதிகத் தவறு. விதையில் பாதியளவு நார், அதில் கணிசமான பங்கு கலக்டோமன்னன் என்னும் கூழ்நார். வயிற்றில் அது களியாகித் திரண்டு, சோற்றின் மாவு குளுக்கோசாகி இரத்தத்தில் சேரும் வேகத்தைக் குறைக்கிறது. ஆய்வுகளில் பயன் தெரிந்த அளவுகள் நாளுக்கு 5 கிராமுக்கு மேல். 10 கிராம், அதாவது இரண்டரைத் தேக்கரண்டி, அடிக்கடி காணும் அளவு. சொதியில் தாளிக்கும் கால் கரண்டி வெந்தயம் மணத்துக்கு, சீனியை அசைக்காது. ஊறவைத்த தண்ணீரை மட்டும் குடித்து விதையை எறிபவர் நாரின் பெரும்பகுதியை எறிகிறார். நம் நோயாளி செய்தது அதுவே. விதையோடு சாப்பிட வேண்டும். ஒரு தேக்கரண்டியில் தொடங்கி, ஒரு கிழமைக்கொருமுறை கூட்டலாம். முதல் நாளே மூன்று கரண்டி போட்டால் வயிறு ஊதும், பேதி போகும். மெற்போமினும் பேதியை உண்டாக்கும் குளிசை என்பதால், எதனால் போகிறது என்று தெரியாமல் நல்ல குளிசையை நிறுத்திவிடுவார்கள். தைரோயிட் குளிசை எடுப்பவர் வெந்தயத்தைச் சில மணித்தியாலம் தள்ளி எடுக்கட்டும், இந்தக் கூழ்நார் குளிசையையும் பிடித்துவைக்கும். இரத்தம் உறைவதைத் தடுக்கும் வார்பரின் எடுப்பவர்கள் டொக்டரைக் கேட்காமல் தொடவேண்டாம். கர்ப்பிணிகள் சமையல் அளவைத் தாண்டக்கூடாது. வியர்வையும் சிறுநீரும் பாகு மணக்கும். பயப்பட ஒன்றுமில்லை, வெந்தயத்தின் மணம்தான்.

பாகலைப் பற்றிய நம்பிக்கை பெரியது, ஆதாரம் சிறியது. தாய்லாந்தில் 2011இல் வெளியான ஆய்வில் நாளுக்கு 2000 மி.கி. உலர்ந்த பாகற்காய்த்தூள் சீனியைச் சிறிது குறைத்தது, 1000 மி.கி. மெற்போமின் அதைவிட அதிகமாகக் குறைத்தது. காயைக் கறியாக உண்பதில் குறையில்லை. ஆனால் கசப்புப் போக உப்பில் பிசைந்து பிழியும்போது உப்பு ஏறும். பிறகு நல்ல தண்ணீரில் அலசவேண்டும். பொரித்துச் சம்பல் போடும்போது அந்த மெல்லிய வில்லைகள் எண்ணெயை உறிஞ்சிக்கொள்ளும். ஜி6பிடி என்னும் நொதியின் பிறவிக் குறைபாடுள்ளவருக்குப் பாகலிலுள்ள வைசின் இரத்தச் சிவப்பணுக்களைச் சிதைக்கலாம்.

கறுவாவைப் பற்றி, நாட்டில் கிடைக்கும் இலங்கைக் கறுவாவே பாதுகாப்பானது. வெளிநாட்டுக் கசியாக் கறுவாவில் ஈரலைத் தாக்கும் கூமரின் அதிகம். ஆனால் சீனியைக் குறைக்கும் என்பதற்கு ஆதாரம் போதாது. கறிவேப்பிலை, வல்லாரை, முருங்கை இலை மூன்றுக்கும் விலங்காய்வுகள் ஏராளம், மனிதரில் ஆதாரம் சொற்பம். உணவாகவே அவை நல்லவை, அதற்கு மேல் சொல்லத் தேவையில்லை.

இலையில் மருந்து இல்லை என்பதல்ல நம் வாதம். மெற்போமினே கலேகா என்னும் ஐரோப்பியச் செடியின் வேதிப்பொருள் வழியாக வந்தது. 1922இல் அது ஆய்வுகூடத்தில் உருவாக்கப்பட்டது, 1957இல் பாரிஸில் ஜீன் ஸ்டேர்ன் அதை நீரிழிவாளரில் பயன்படுத்தினார். செடியிலிருந்த பொருள் நஞ்சுத்தன்மை கொண்டது. அளவு தெரிந்து, நஞ்சு நீக்கி, ஒவ்வொரு குளிசையிலும் ஒரே அளவு என்றானபின்தான் அது கிளினிக்குக்கு வந்தது. அம்மியில் பிழிந்த சாற்றில் இன்றைக்கு எவ்வளவு, நாளைக்கு எவ்வளவு என்று யாருக்கும் தெரியாது. மாரியில் தளிர்த்த கொவ்வையும் கோடையில் முற்றிய கொவ்வையும் ஒன்றல்ல.

பெயரில்லாத பொட்டலத்தில் வரும் "சீனி மருந்துத் தூள்" இன்னும் கவலைக்குரியது. 2008இல் சிங்கப்பூரில் மூலிகை என்று விற்ற மாத்திரைகளில் கிளிபென்கிளமைட் கலந்திருந்து பலர் கடும் சீனிக்குறைவோடு ஆஸ்பத்திரிக்கு வந்தார்கள். "மூன்றே நாளில் சீனி இறங்கும்" என்று சொல்லும் தூளில் இலை மட்டுமே இருக்கிறது என்று நம்பக் காரணமில்லை.

சாற்றிலிருந்து தட்டுக்கு

டொக்டர் காலைக் கிளிக்லசைட்டை 40 மி.கி. ஆகக் குறைத்தார், அதற்கு ஒரே நிபந்தனை, காலை உணவு தவறக்கூடாது. சாறு நிறுத்தப்பட்டது. ஆனால் கொவ்வையை நிறுத்தவில்லை. அது மதியத் தட்டுக்கு வந்தது.

அவருடைய மதியச் சாப்பாடு அதுவரை இப்படி: 200 மில்லிலீற்றர்த் தேநீர்க் கோப்பையால் அளந்தால் மூன்று கோப்பைச் சோறு, மீன் குழம்பு, ஒரு அப்பளம். ஒரு கோப்பைச் சோற்றில் ஏறத்தாழ 40 கிராம் மாவுச்சத்து. மூன்றில் 120. புதிய தட்டில் ஒன்றரைக் கோப்பைச் சிவப்பரிசிச் சோறு, 60 கிராம். மீதியிடத்தை நிரப்ப இலைச்சுண்டல், புடோல் அல்லது பீர்க்குக் கறி, மீன், நான்கு தேக்கரண்டி பருப்பு. சிவப்பரிசியில் நார் கூட. மாவுச்சத்து வெள்ளைக்குச் சற்றேறக் குறைய அதே அளவுதான், ஆகவே "சிவப்புத்தானே" என்று மூன்று கோப்பை போட்டால் பயனில்லை.

கொவ்வைச் சுண்டல் ஒரு ஆளுக்கு: 25 கிராம் இளம் இலையும் தளிரும், காம்பும் தும்பும் நீக்கி. ஓடும் தண்ணீரில் மூன்று தடவை அலசி, தண்ணீர் வடிந்தபின் கட்டாக உருட்டி நூல்போல் அரிய வேண்டும். அரிந்துவிட்டு அலசினால் சத்தும் சுவையும் தண்ணீரோடு போகும். சட்டியில் ஒரு மேசைக்கரண்டி தண்ணீர், அரிந்த சின்ன வெங்காயம் மூன்று, பச்சை மிளகாய் ஒன்று, மஞ்சள் ஒரு சிட்டிகை, உப்பு ஒரு சிட்டிகை. தண்ணீர் கொதித்ததும் இலையைப் போட்டு மூடாமல் மூன்று நிமிடம் கிளற வேண்டும். இறக்கியபின் ஒரு மேசைக்கரண்டி தேங்காய்ப்பூ, பிறகுதான் சில சொட்டுத் தேசிக்காய்ச் சாறு. அடுப்பில் வைத்தே தேசிக்காய் விட்டால் இலை மங்கிப் பழுப்பாகும். புளி பச்சை நிறத்தை அழிக்கும். தேங்காய்ப்பூவை முதலில் போட்டால் எண்ணெய் பிரிந்து இலை ஒட்டிக்கொள்ளும்.

தேங்காயின் அளவில்தான் எங்கள் சமையல் வழுக்கிவிழுகிறது. கட்டு வல்லாரைக்கு அரைமூடித் தேங்காய் என்று கைக்கணக்கில் போடுகிறோம். 100 கிராம் தேங்காய்ப்பூவில் 350 கலோரிக்கு மேல், 33 கிராம் கொழுப்பு. இலையைத் தின்பதாக நினைத்துத் தேங்காயைத் தின்கிறோம். உடல் எடை குறையவேண்டிய நீரிழிவாளருக்கு இது சின்ன விடயமல்ல. இலைக்கஞ்சியிலும் இதே கதை. 30 கிராம் அரிசி குழையக் கொதித்தால் சோற்றைவிட வேகமாகச் சீனியாகும். தேங்காய்ப்பாலும் சேர்த்து, கையில் ஒரு துண்டு கருப்பட்டி கடித்துக் குடித்தால், 15 கிராம் துண்டில் 13 கிராம் அளவுக்குச் சீனியே உள்ளே போகிறது. கருப்பட்டியும் சீனிதான். இலையின் பச்சை நிறம் அதை மாற்றாது.

இலை எங்கிருந்து பறிக்கப்பட்டது என்பதும் கேட்கவேண்டியது. வல்லாரையும் பொன்னாங்காணியும் வயல் வரம்பில் தானாக வளர்பவை; வரம்புக்குத்தான் களைநாசினியும் அடிக்கிறார்கள். வெள்ளம் வடிந்த பின்னான கிழமைகளில் பறித்த இலையைப் பச்சையாகச் சம்பல் போடக்கூடாது, சுண்டியே சாப்பிட வேண்டும். வீட்டு வேலியில் ஒரு கொவ்வைக் கொடி, கிணற்றடியில் வல்லாரைப் பாத்தி. இதுவே நல்ல ஏற்பாடு.

எந்தச் சோறு எவ்வளவு ஏற்றியது

அவருக்கு ஒரு எளிய சோதனை சொல்லிக்கொடுக்கப்பட்டது. சாப்பிடத் தொடங்கிய நேரத்திலிருந்து சரியாக இரண்டு மணித்தியாலத்தில் விரலில் குத்திப் பார்க்க வேண்டும். கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவித் துடைத்தபின் குத்த வேண்டும். பழம் நறுக்கிய விரலில் குத்தினால் மீட்டர் பழத்தையும் சேர்த்து அளக்கும். ஒரு கிழமையில் ஒன்றை மட்டுமே மாற்ற வேண்டும்.

மூன்று கோப்பைச் சோறு, இலை இல்லாமல்: மூன்று நாட்களின் சராசரி 241. ஒன்றரைக் கோப்பை, இலை இல்லாமல்: 190. ஒன்றரைக் கோப்பை, கொவ்வைச் சுண்டலோடு: 178.

இந்த மூன்று எண்களைப் பொறுமையாகப் பார்க்க வேண்டும். சோற்றைப் பாதியாக்கியது 51 குறைத்தது. சுண்டல் அதற்கு மேல் 12. தரமான மீட்டர்களுக்கே 100க்கு மேல் 15 சதவீதம் வரை பிழை அனுமதிக்கப்படுகிறது. 190க்கு அது 28. ஆகவே அந்த 12 இலையின் வேலையாகவும் இருக்கலாம், மீட்டரின் ஆட்டமாகவும் இருக்கலாம். சுண்டல் பயனற்றது என்று இதற்கு அர்த்தமில்லை. தட்டில் இலையும் கறியும் நிறைந்திருந்ததால்தான் ஒன்றரைக் கோப்பைச் சோற்றோடு அவரால் எழும்ப முடிந்தது. இலை இல்லாத கிழமையில் நான்கு மணிக்கே பசித்து இரண்டு பிஸ்கட் சாப்பிட்டிருந்தார். சோற்றின் இடத்தை இலை பிடித்துக்கொண்டது. இலையின் பெரிய உதவி அங்கேதான் கிடைத்தது என்பது எங்கள் கணிப்பு.

சிறுநீரகம்

வடிகட்டல் 58 இல் இருப்பவருக்கு இன்னொரு எச்சரிக்கை. சீனிக்கு நல்லது என்று பிலிம்பிக்காயையும் காமரங்காயையும் சாறெடுத்துக் குடிப்பவர்கள் கிழக்கிலும் உண்டு. இரண்டிலும் ஒக்சலேட் மிகுதி. வெறும் வயிற்றில் குடித்த ஒரு குவளைச் சாறு சிறுநீரகத்தில் ஒக்சலேட் படிகங்களை அடைத்து, நல்ல சிறுநீரகத்தையும் சில நாட்களில் நிறுத்திவிடலாம். இலங்கையிலேயே இப்படியான நோயாளிகள் மருத்துவ இதழ்களில் பதிவாகியிருக்கிறார்கள். குமட்டல், இடுப்பு வலி, சிறுநீர் குறைதல், விடாத விக்கல் என்பவை வந்தால் உடனே ஆஸ்பத்திரி. கறியில் ஒன்றிரண்டு துண்டு பிலிம்பிக்காய் வேறு, சாறு வேறு. ஆனால் சிறுநீரகம் பழுதடைந்தவருக்குக் காமரங்காய் ஒரு துண்டும் வேண்டாம். பசளியையும் பச்சையாக அரைத்துக் குடிக்கவேண்டாம். கொதிக்கவைத்துத் தண்ணீரை ஊற்றிவிட்டால் ஒக்சலேட்டின் ஒரு பகுதி போய்விடும்.

மூன்று மாதத்தின் பின்

எச்பிஏ1சி 7.4 சதவீதம், சராசரிச் சீனி 166 அளவில். சிவப்பணுக்களின் ஆயுள் ஏறத்தாழ 120 நாள் என்பதால் மூன்று மாதத்துக்கு முன் இதைப் பார்த்துப் பயனில்லை. எடை 61 இலிருந்து 58.5 கிலோ. இந்தக் காலத்தில் ஒரு தடவையும் வாசிப்பு 70க்குக் கீழே போகவில்லை. சோற்றளவு, தவறாத காலை உணவு, பின்னேரம் வாவிக்கரையோரம் அரை மணித்தியால நடை, சுண்டல் எல்லாம் சேர்ந்து தந்த இறக்கம் இது. ஒவ்வொன்றுக்கும் பங்கு பிரிக்கத் தரவு இல்லை. ஊசிப் பேச்சு இப்போதைக்குத் தள்ளிப்போயிருக்கிறது. மறுபடி ஏறினால் ஊசி வேண்டிவரும், அது தோல்வியில்லை என்பதையும் அவரிடம் சொல்லியாகிவிட்டது.

வெந்தயத்தை அவர் விடவில்லை. ஒரு தேக்கரண்டி, இரவில் ஊறவைத்து, காலையில் இடியப்பத்துக்கு முன் விதையோடு. மூன்றாம் கிழமையில் இரண்டாக்கியபோது வயிறு ஊதியதால் ஒன்றிலேயே நின்றார்.

வெள்ளிக்கிழமைக்கு ஒரு தனி ஏற்பாடு. அவருக்கு விரதத்தை விட மனமில்லை, விடச் சொல்லவும் இல்லை. டொக்டர் எழுதிக்கொடுத்தபடி விரத நாளில் காலைக் கிளிக்லசைட்டை எடுக்காமல், மதியப் பூசை முடிந்து சாப்பிடும் வேளைக்குத் தள்ளிவைக்கிறார். அன்றிரவுக் கிளிக்லசைட்டை விடுகிறார். காலையில் பால் விட்ட தேநீரும் ஒரு வாழைப்பழமும் விரதத்துக்குள் அடங்கும் என்று கோயில் ஐயரிடமும் கேட்டுக்கொண்டார். ஒன்பதுக்கும் பதினொன்றுக்கும் விரலில் குத்திப் பார்ப்பார். 70க்குக் கீழே போனால் விரதம் அத்தோடு முடிந்தது. காத்தான்குடியிலும் அக்கரைப்பற்றிலும் நோன்பு பிடிப்பவர்கள் குளிசை நேரத்தை நோன்பு தொடங்க ஒரு மாதத்துக்கு முன்பே கிளினிக்கில் பேசி மாற்றிக்கொள்வது இதே காரணத்துக்காக.

அர்ச்சனைப் பையில் கற்பூரத்தோடு இப்போது ஒரு சிறு போத்தல் இருக்கிறது. உள்ளே நான்கு கரண்டி சீனி. மடப்பள்ளியில் கூட இருக்கும் இருவருக்கு அது எங்கே இருக்கிறது, எப்போது கொடுக்க வேண்டும் என்று காட்டிவைத்திருக்கிறார்.